ஐந்து என்பது நடு அல்ல

எங்கள் பேட்டையில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் பையன்கள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். "ஆம்ப் போட்டதும் குமிழ்களை எங்கேப்பா வைப்பே?" மூவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "எல்லாத்தையும் அஞ்சுல வச்சுருவேன் அங்கிள். அதுதான் நியூட்ரல்." ஒருவன் போனை எடுத்து ஓர் அட்டவணையே காட்டினான். ராக்குக்கு இவ்வளவு, ஜாஸுக்கு இவ்வளவு, பக்திப் பாட்டுக்கு இவ்வளவு என்று மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. வாட்ஸாப்பில் வந்ததாம்.

இந்த 'அஞ்சு நியூட்ரல்' என்ற பேச்சு, வால்வு ஆம்ப் விஷயத்தில் சுத்தப் பொய். பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேலும், அதை நம்பிக்கொண்டு பையன்களை மேடையிலிருந்து இறக்கிவிடும் பெரியவர்கள் மேலும்தான் கோபம். அந்தப் பெரியவர்களில் பலர் என் வயதுக்காரர்கள், இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வால்வு ஆம்ப் என்றால் பயப்பட வேண்டாம். நம் வீட்டு ஹாலில் ஸ்டாண்டு போட்டு, மேலே துணி விரித்து வைத்திருந்தோமே வால்வு ரேடியோ, அதன் கூடப்பிறந்ததுதான். போட்டதும் பாடாது, வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். பச்சை விளக்கு மாதிரி ஒரு மேஜிக் ஐ மினுங்குமே, அது மட்டும் இதில் கிடையாது. இதைக் கண்டுபிடித்து வளர்த்தவர்களும் ரேடியோக்காரர்கள்தான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கடைசிவரை அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் செய்த ஆம்புகள்தான் இன்றுவரை அளவுகோல். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் முதல் மார்ஷல் ஆம்பைச் செய்தபோது, ஃபெண்டரின் பாஸ்மேன் சர்க்யூட்டைத்தான் முன்னால் வைத்துக்கொண்டு செய்தார்கள். ஆக, இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான வால்வு ஆம்புகளுக்குக் கோத்திரம் அந்த ஒரே ரிப்பேர் கடைதான்.

சரி, அந்த ஐந்துக்கு வருவோம். ஃபெண்டர் குமிழில் எண்கள் 1-லிருந்து 10 வரை. பூஜ்ஜியம் கிடையாது, 1-தான் அடிமட்டம். அப்படியென்றால் சுற்றின் பாதி எது? ஐந்தரை. கணக்குப்படியே ஐந்து நடு இல்லை! இது விளையாட்டுக்குச் சொன்னது. உண்மையான விஷயம் இதைவிடப் பெரிது.

பாஸ், மிடில், ட்ரெபிள் என்று மூன்று குமிழ் இருந்தால், வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும், நடுவில் வைத்தால் உள்ளது உள்ளபடி வரும் என்று நினைக்கிறோம். டிரான்சிஸ்டர் காலத்து ஸ்டீரியோ செட்டுகள் பலவற்றில் அப்படித்தான். நடுவில் ஒரு 'டிக்' என்று மாட்டும் இடம்கூட இருக்கும். வால்வு கிதார் ஆம்பில் அப்படி இல்லை. அந்த மூன்றும் சில கண்டன்சர்கள், ரெசிஸ்டர்களோடு சேர்ந்த ஒரே வடிகட்டி. அதற்குக் கூட்டத் தெரியாது, கழிக்க மட்டுமே தெரியும். பழைய ரேடியோவில் ராத்திரி சிலோன் பிடிக்கும்போது இரைச்சல் தாங்காமல் டோன் குமிழை இடப்பக்கம் திருப்புவோமே, இரைச்சலும் போகும், பாடகியின் 'ஸ'வும் சேர்ந்து போகும். அதே வேலைதான் இங்கே மூன்று குமிழில் நடக்கிறது.

நம்பாதவர்கள் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். வால்யூம் அப்படியே இருந்தாலும் சத்தம் கிட்டத்தட்ட செத்துப் போகும். கூட்டிக் குறைக்கும் குமிழ் என்றால் அப்படி ஆகுமா? கழித்துக் கழித்து மிச்சமே இல்லை, அவ்வளவுதான். மூன்றையும் நடுவில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? நடு ஸ்தாயியில் ஒரு பள்ளம் விழும். 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம். மனிதக் குரலின் சதை இருக்கும் இடம் அது, கிதாரின் உடம்பும் அங்கேதான். பள்ளம் இல்லாமல் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும் என்றால் பாஸையும் ட்ரெபிளையும் அடியில் வைத்து மிடிலைப் பத்துக்கு ஏற்ற வேண்டும். வாட்ஸாப் அட்டவணைக்காரர் யாரும் இதைப் போட மாட்டார். பார்க்க விகாரமாக இருக்குமே!

இன்னொன்று. இந்த மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ட்ரெபிளை ஏற்றினால் பாஸும் மிடிலும் செய்யும் வேலை மாறுகிறது. அதனால் ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டையும் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். குழம்பில் புளி கூடினால் உப்பை மறுபடி பார்க்கிற மாதிரி. வாக்ஸ் ஏசி 30 என்ற இங்கிலாந்து ஆம்பில் 'கட்' என்று ஒரு குமிழ் உண்டு. அதை ஏற்ற ஏற்ற ட்ரெபிள் குறையும். எண்ணைப் பார்த்துத் திருப்புகிறவன் அங்கே தலைகீழாகப் போவான்.

பெயர்களையும் நம்ப முடியாது என்பதற்கு ஒரு கிளைக்கதை. ஃபெண்டர் ஆம்பில் 'வைப்ரேட்டோ' என்று எழுதியிருக்கும். அது செய்வது சத்தத்தை ஏற்றி இறக்குவது, அதற்குச் சரியான பெயர் ட்ரெமலோ. அதே ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் 'ட்ரெமலோ' என்று ஒரு கம்பி உண்டு. அது செய்வது சுருதியை அசைப்பது, அதாவது வைப்ரேட்டோ. இரண்டையும் மாற்றிப் பெயர் வைத்து எழுபது வருடமாக அப்படியே ஓடுகிறது. நம் கச்சேரிக் காதுக்கு இந்தக் குழப்பமே வராது. ஸ்வரத்தை அசைப்பதும் அதே ஸ்வரத்தில் சத்தத்தை ஏற்றி இறக்குவதும் வேறு வேறு என்று எந்தப் பாட்டு வாத்தியாரும் முதல் வருடத்திலேயே சொல்லிவிடுவார்.

இனி வால்யூம். சண்டையே இங்கேதான்.

பெரியவர்கள் நினைப்பது, வால்யூம் இரண்டில் இருந்தால் சாது, ஐந்தில் இருந்தால் போக்கிரி, பத்தில் இருந்தால் ரௌடி. குமிழ் அப்படி ஏறுவதில்லை. நம் காதுக்கு ஏற்றபடி, அந்தக் குமிழுக்குள் இருக்கும் பாதை ஆரம்பத்தில் மெல்லவும் கடைசியில் வேகமாகவும் ஏறும்படி செய்யப்பட்டிருக்கிறது. பாதிச் சுற்றில் சிக்னலின் பத்தில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோதான் கடக்கும். ஆனால் பல ஆம்புகளில் வால்வுகளுக்கு அதுவே போதும். அங்கேயே அவற்றின் மூச்சு முட்டத் தொடங்கிவிடும். அதற்கு மேல் திருப்பினால் ஏறுவது சத்தம் கொஞ்சம், கரகரப்பு நிறைய. ஸ்வரம் சற்று நீளும், ஓரங்கள் மழுங்கும், விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்லும். அந்தக் குணத்துக்காகத்தான் காசு கொடுத்து, இரும்புக் கனத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பழைய பொருளை இன்னும் வாங்குகிறார்கள். வால்வு ஆம்பில் வால்யூம் என்பது பாதி வரைக்கும்தான் சத்தக் குமிழ். அதற்கு மேல் அது குணக் குமிழ்.

'ஸ்பைனல் டாப்' என்று 1984-ல் ஒரு கேலிப் படம் வந்தது. அதில் ஒரு கிதார்க்காரன் தன் ஆம்பில் எண்கள் பதினொன்று வரை போகும் என்று பெருமையாகக் காட்டுவான். உலகமே சிரித்தது. ஆனால் எண்ணைப் பெரிதாக எழுதினால் சத்தம் பெரிதாகிவிடும் என்று நம்பும் அவனுக்கும், எண்ணைச் சிறிதாக வைத்தால் எல்லாம் சாந்தமாகிவிடும் என்று நம்பும் நம் பெரியவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் பகுதியில் ஓர் ஆலயம், பெயர் வேண்டாம். பாடகர் குழுவில் ஒரு பையன் கிதார் வாசித்தான். பதினைந்து வாட் வால்வு ஆம்ப், சிறியதுதான். சத்தம் அதிகம் என்று புகார் வந்ததும், பொறுப்பில் இருந்தவர் வால்யூமை இரண்டில் வைத்து, பாஸையும் ட்ரெபிளையும் ஐந்தில் வைத்து, குமிழ்களின் மேல் டேப் ஒட்டிவிட்டார். பேனாவால் கோடு வேறு. அடுத்த வாரமும் முன் வரிசைப் பெரியம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டேப்பைப் பிரித்து ஒன்றரையில் வைத்து மறுபடி ஒட்டினார். அப்போதும் குறையவில்லை. கடைசியில் "கீபோர்டே போதும்ப்பா" என்று சொல்லிவிட்டார்கள். பையன் இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். கிதார் உறைக்குள்ளேயே இருக்கிறது என்று அவன் அம்மா சொன்னார்.

அந்த ஆம்பின் பின் மூடியை நான் கழற்றிப் பார்த்தேன். (நீங்கள் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டன்சரில் முந்நூறு, நானூறு வோல்ட் காத்திருக்கும்.) வால்யூம் குமிழின் குறுக்கே ஒரு சின்ன கண்டன்சர். 'பிரைட்' என்று சுவிட்ச் இருக்கும் ஆம்புகளில் இருப்பதும் இதுதான். ட்வின் ரிவர்பில் 120 பிகோஃபாரட். இதன் வேலை, வால்யூம் குறைவாக இருக்கும்போது ட்ரெபிளை மட்டும் குறுக்கு வழியில் தாண்டவிடுவது. குமிழை ஏற்ற ஏற்ற இதற்கு வேலை குறையும், பத்தில் வேலையே இல்லை. இப்போது கணக்குப் போடுங்கள். குமிழை இரண்டுக்கு இறக்கியபோது அவர்கள் இறக்கியது பாஸையும் நடு ஸ்தாயியையும். ஊசி மாதிரிக் குத்தும் மேல் ஸ்தாயி குறுக்கு வழியில் வந்துகொண்டே இருந்தது. ஒன்றரைக்கு இறக்கினால் அந்த விகிதம் இன்னும் மோசம். பெரியம்மாக்கள் காதைப் பொத்தியது ட்ரெபிளுக்காக. பெரியவரோ வால்யூமைத் துரத்திக்கொண்டிருந்தார்.

ஆம்பை வைத்த இடமும் சேர்ந்துகொண்டது. கிதார் ஸ்பீக்கர் மேல் ஸ்தாயியை டார்ச் லைட் மாதிரி நேர் எதிரே பாய்ச்சும். ஆம்ப் தரையில், பையன் அதன் பக்கத்தில் நிற்கிறான். அது அவன் முழங்காலுக்குப் பாடுகிறது. அவன் காதுக்கு மந்தமாகக் கேட்கிறது, பாவம், அவன் இன்னும் அழுத்தி மீட்டுகிறான். இருபது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராக வெளிச்சம் அடிக்கிறது. அந்தக் கால ஃபெண்டர்களில் ஆம்பை மல்லாத்திச் சாய்க்கப் பக்கவாட்டில் இரண்டு இரும்புக் கால் வைத்ததே இதற்காகத்தான். ஒரு மர நாற்காலி இருந்தால் போதும், ஆம்பை ஏற்றி அவன் காதைப் பார்த்துச் சாய்த்து வைக்கலாம். அவனே ட்ரெபிளைக் குறைப்பான், யாரும் சொல்ல வேண்டாம்.

அப்படியென்றால் சத்தத்தை எதில் குறைப்பது? கிதாரில்! ஆம்பில் அத்தனை குமிழ் இருந்தும், வாசிக்கிறவன் கைக்கு எட்டும் தூரத்தில் கிதாரின் உடம்பிலேயே ஒரு வால்யூம் குமிழ் இருக்கிறது. நான் கேட்ட மூன்று பையன்களும் அதைப் பத்தில் வைத்துவிட்டு மறந்தவர்கள். ஒருவன் "அது எதுக்கு அங்கிள், டோன் போயிடும்" என்றான். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதைக் குறைத்தால் ஒயரின் குணத்தால் ட்ரெபிள் சற்று மங்கும். ஆனால் ட்ரெபிள் ஓங்கிக் குத்துகிற ஆம்புக்கு அந்த மங்கல்தான் மருந்து. பிடிக்காவிட்டால் குமிழில் சின்ன கண்டன்சர் ஒன்றை ஈயம் வைத்தால் மங்கலும் போய்விடும், செலவு சொற்பம்.

நான் சொல்லும் முறை இதுதான். கிதார் குமிழைப் பத்தில் வைத்து, ஆம்ப் வால்யூமை, பலமாக மீட்டினால் மட்டும் லேசாகக் கரகரக்கும் இடத்துக்கு ஏற்று. பெரும்பாலும் நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் வரும். பிறகு ஆம்பைத் தொடாதே. கிதார் குமிழை மூன்று, நான்குக்கு இறக்கி, பாடகருக்குப் பக்கவாத்தியமாக வாசி. ஒலி தெளிவாக, உருண்டையாக வரும். இடையிசை வரும்போது சுண்டுவிரலால் குமிழைத் தள்ளு. அந்த நான்கு வரிக்கு ஆம்ப் வாய் திறக்கும். முடிந்ததும் இறக்கு. மிருதங்கக்காரர் பாட்டுக்கு ஒரு மாதிரியும் தனிக்கு ஒரு மாதிரியும் வாசிக்கவில்லையா? அவர் கையில் டேப் ஒட்டி வைத்தோமா?

இதற்குப் பதிலாக ஹென்ட்ரிக்ஸ் பெயரை இழுப்பார்கள். அவர் எல்லாவற்றையும் பத்தில் வைத்தார் என்பார்கள். வைத்தார்தான், ஆனால் அவர் விரல் கிதார் குமிழை விட்டதில்லை. தெளிவான ஒலி வேண்டும் என்றால் அங்கேதான் குறைத்தார். அதோடு, அவர் 1969-ல் வுட்ஸ்டாக்கில் வாசித்தது திறந்தவெளிப் பண்ணையில். நம் பையன் வாசிப்பது ஐம்பது நாற்காலி போட்ட ஹாலில்.

ஆறு வைத்தாலும் அந்த ஹாலுக்கு அதிகம் என்றால் ஆம்ப் பெரியது என்று அர்த்தம். அதைச் சின்னதாக மாற்றுங்கள். இங்கேயும் ஒரு மயக்கம் உண்டு. 85 வாட் ட்வின் ரிவர்ப், 22 வாட் டீலக்ஸ் ரிவர்பைவிட நான்கு மடங்கு சத்தம் போடும் என்று நினைப்பு. நான்கு மடங்கு வாட் என்றால் 6 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். கையிலிருக்கும் ஆம்பை மாற்ற வழி இல்லையென்றால், சில ஆம்புகளில் 1, 2 என்று இரண்டு துளை இருக்கும். இரண்டாவதில் சொருகினால் சிக்னல் பாதியாகும். காசில்லாத வைத்தியம்.

மாஸ்டர் வால்யூம் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. மார்ஷல் 1975-ல் 2203 என்ற ஆம்பில் அதைக் கொண்டுவந்தார்கள். முதல் குமிழில் கரகரப்பை ஏற்றி, இரண்டாவதில் மொத்தத்தையும் அடக்கலாம். வீட்டில் குழந்தை தூங்கும்போது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் மூச்சு முட்டுவது முன்னால் இருக்கும் குட்டி வால்வுகள் மட்டும். பின்னால் இருக்கும் பெரிய வால்வுகளும் ஸ்பீக்கரும் உழைக்கும்போது வரும் ஒலி வேறு. என் காதுக்கு முன்னது தேனீக் கூட்டம், பின்னது தொண்டை.

அட்டவணைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. மெல்லிய சத்தத்தில் நம் காது கீழ் ஸ்தாயியையும் உச்ச ஸ்தாயியையும் சரியாகக் கேட்காது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். பழைய ஸ்டீரியோவில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இதற்காகத்தான். படுக்கையறையில் மெல்ல வைத்து, பாஸும் ட்ரெபிளும் கூட்டி இனிமையாக அமைத்த அதே எண்களை ஹாலில் சத்தமாக வைத்தால், கீழே குமுக்கும், மேலே குத்தும், நடுவில் பாட்டு காணாமல் போகும். அந்தப் பள்ளத்தில்தான் பாடகரின் குரலும் கிதாரும் இருந்தன. யாரோ எந்த ஊரிலோ எந்த அறையிலோ வைத்த எண் உங்கள் ஹாலுக்கு எப்படிப் பொருந்தும்?

ஆகையால் பாடகர் குழுப் பொறுப்பாளர்களே, சபா செயலாளர்களே, டேப்பைப் பிரியுங்கள். பசையைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் போதும். ஆம்பை நாற்காலியில் ஏற்றுங்கள். மக்கள் வருவதற்கு முன் பையனுக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். ஒருவர் பாடட்டும், இன்னொருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கையைக் காட்டட்டும். கூட்டம் நிறைந்ததும் முதல் பாட்டு முடிந்து ட்ரெபிளை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காலி ஹாலில் குத்திய மேல் ஸ்தாயியைப் புடவையும் வேட்டியும் கொஞ்சம் குடித்துவிடும், அரைப் புள்ளி ஏற்ற வேண்டியிருக்கும்.